‘ஸ்கேரி’யா, ‘ஸ்கேர்ட்’டா?

கேள்வி: நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு, என் தோழிக்கு ‘ஐ யாம் வெரி ஸ்கேரி’ என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டார். இதில் என்ன பிழை? இந்தச் சொல்லை அலுவலகக் கடிதத்தில் எழுதலாமா?

பதில்: ‘நான் பயந்துபோயிருக்கிறேன்’ என்று சொல்ல நினைத்த நீங்கள், ‘என்னைக் கண்டால் மற்றவர்கள் பயப்படுவார்கள்’ என்று எழுதிவிட்டீர்கள். பயத்தை உண்டாக்குவது ‘ஸ்கேரி’. பயத்தை உணர்பவர் ‘ஸ்கேர்ட்’. நேர்முகத் தேர்வுதான் ‘ஸ்கேரி’, நீங்கள் ‘ஸ்கேர்ட்’.

இந்தப் பிழைக்கு வித்து நம் மொழியிலேயே இருக்கிறது. ‘இந்த இருட்டு பயமாக இருக்கிறது’ என்கிறோம்; ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். இரண்டு இடத்திலும் ‘பயமாக’ மாறாமல் நிற்க, பயப்படுபவர் யார் என்பதை ‘எனக்கு’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல்லின் ஈறு செய்கிறது. எனவே தமிழில் நினைக்கும்போது ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று தொடங்கி அவரையே ஆங்கில வாக்கியத்தின் எழுவாயாக வைத்தால், ‘ஸ்கேர்ட்’ என்று எழுதுங்கள். ‘போரிங்’ (சலிப்பூட்டுவது), ‘போர்ட்’ (சலிப்படைந்தவர்) என்ற இணையில் நேரும் குழப்பமும் இதே வகைதான். (எளிதில் மிரளும் இயல்புடைய என்ற பொருளும் ‘ஸ்கேரி’க்கு உண்டு, மிரளும் குதிரையை அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் அதைச் சொல்லித் தோழியிடம் வாதாட வேண்டாம், இன்று அது அரிய வழக்கு.)

பேய்க்கதைக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று இது. ஒருவருடைய நினைவாற்றலைக் கண்டு மலைக்கும்போதும் ‘ஸ்கேரி’ என்பார்கள். அமெரிக்கப் பேச்சில் ‘ஸ்கேரி குட்’ என்பது, நாம் ‘பயங்கரமாகப் பாடினாள்’ என்று பாராட்டுவதற்கு ஏறக்குறைய நிகரானது. ‘டெரிஃபிக்’ என்ற சொல் இந்தப் பாதையில் இன்னும் வெகுதூரம் சென்றுவிட்டது: முன்பு அச்சமூட்டுவதைக் குறித்த அது, இன்று ‘மிகச் சிறப்பு’ என்றே பெரும்பாலும் பொருள்படுகிறது.

எழுத்துக்கூட்டலில், ‘ஸ்கேர்’ என்பதன் இறுதி ‘ஈ’யை நீக்கி ‘ஒய்’ சேர்க்க வேண்டும். ‘ஆர்’ ஒன்றே போதும். ஒப்பிடும்போது ‘ஸ்கேரியர்’, ‘ஸ்கேரியஸ்ட்’ என்பவையே இயல்பானவை.

அலுவலகக் கடிதத்தைப் பொறுத்தவரை, நான் இதைத் தவிர்க்கவே சொல்வேன். இது பேச்சுவழக்குச் சொல், அதில் சிறுபிள்ளைத் தொனியும் சற்று உண்டு. நேர்ந்த அனுபவத்தை விவரிக்க ‘ஃப்ரைட்டனிங்’ பொருந்தும். விற்பனை சரிந்ததைப் பற்றி மேலாளருக்கு எழுதுவதானால் ‘அலார்மிங்’ என்று எழுதுங்கள். ‘உடனே கவனிக்க வேண்டும்’ என்ற குறிப்பும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.