எந்தப் பாட்டு வகையைப் பிடிப்பது, எவ்வளவு காலம் அதில் நிற்பது?

கேள்வி: எங்கள் ஊரில் புதிதாக ஒரு எஃப்.எம். நிலையம் நடத்துகிறோம். ஏற்கெனவே இருக்கும் இரண்டு நிலையங்களும் புதுப் பாடல்களையே போடுகின்றன. அதனால் காலையில் புது ஹிட், மதியம் நாட்டுப்புறப் பாட்டு, மாலையில் பழைய மெல்லிசை, இரவில் மேற்கத்திய இசை என்று எல்லோருக்கும் ஏதாவது கொடுத்தோம். ஆறு மாதமாகியும் விளம்பரம் சேரவில்லை. பேசாமல் நாமும் புது ஹிட்டுக்கே மாறிவிடலாம் என்கிறார் உரிமையாளர். என்ன செய்யலாம்?

பதில்: உரிமையாளர் சொல்வதில் பாதி சரி. இந்தக் கலவையை விட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக மூன்றாவது ஹிட் நிலையமாக மாறினால், ஏற்கெனவே பழகிப்போன இரண்டு நிலையங்களிடமிருந்து நேயரைப் பிடுங்க வேண்டியிருக்கும். புதிதாக வருபவருக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது.

கலவை ஏன் எடுபடவில்லை என்பதை முதலில் பார்ப்போம். வானொலியை யாரும் நிகழ்ச்சி நிரல் பார்த்துத் திருப்புவதில்லை. வண்டியில் போகும்போது கொஞ்ச நேரம், வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் முன்பு நேயர்கள் தாங்கள் கேட்டதை நாட்குறிப்பில் எழுதி அனுப்புவார்கள். 2007-இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ஹியூஸ்டனிலும் அதற்குப் பதிலாக, கூடவே வைத்திருக்கும் சிறு மீட்டரைக் கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். எழுதிக் கொடுத்ததைவிட அதிக நிலையங்களை, ஒவ்வொன்றையும் குறைந்த நேரமே மக்கள் கேட்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. காலையில் உங்கள் புது ஹிட்டைக் கேட்டவர் மதியம் அதே எண்ணைத் திருப்பினால் வேறு பாட்டு வருகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை வரமாட்டார்.

அப்படியென்றால் பலவகைப் பாட்டே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். 2002-இன் கடைசியில் கனடாவின் வான்கூவரில் ஜாக் எஃப்.எம். என்ற நிலையம் வந்தது. வழக்கமான ஹிட் நிலையத்தைவிடப் பல மடங்கு பாடல்களை வைத்துக்கொண்டு, வெவ்வேறு காலத்துப் பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டார்கள். அது நன்றாகவே எடுபட்டு வேறு நகரங்களுக்கும் பரவியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே கலவை ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் இருந்தது. எந்த நேரத்தில் திருப்பினாலும் அதே நிலையம், குறிவைத்ததும் ஒரே வயதுக்காரர்களை. நீங்கள் வேளைக்கு ஒரு நிலையமாக மாறிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி தேர்வு. முதல் வேலை, போட்டி நிலையங்களைக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்பது. ஒரு வாரம், நாளுக்கு நான்கைந்து வெவ்வேறு மணி நேரம், ஒவ்வொரு பாட்டையும் அது வந்த வருடத்தையும் எழுதுங்கள். அவர்கள் யாரை விட்டுவிட்டார்கள் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். இருவரும் கடந்த மூன்று வருடப் பாட்டுகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், நாற்பது வயதைத் தொட்டவர் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டைக் கேட்க இடமில்லாமல் இருக்கிறார்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆளைத் தேடும் விளம்பரதாரரும் வேண்டும். 1970-களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மென்மையான வாத்திய இசை நிலையங்கள் பெரிய கூட்டத்தை வைத்திருந்தன. நேயர்களுக்கு வயதாக ஆக, 25 முதல் 54 வயதுக்காரர்களையே கேட்கும் விளம்பரதாரர்கள் விலகினார்கள், நிலையங்களும் வேறு இசைக்கு மாறின. அதனால் முடிவெடுக்கும் முன் உங்கள் விற்பனைப் பிரிவு ஊரிலுள்ள விளம்பரதாரர்களை நேரில் பார்த்து, யார் கேட்டால் பணம் கொடுப்பீர்கள் என்று கேட்டு வரட்டும்.

பாட்டுகளை உங்கள் ரசனையை வைத்துப் பொறுக்காதீர்கள். பல்லவியில் மனதில் நிற்கும் ஏழெட்டு வினாடியை வெட்டி, நீங்கள் குறிவைக்கும் வயதுக்காரர் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்ற மூன்று கேள்வி போதும். பெரிய நிலையங்கள் நூறு பேரை ஒரு அரங்கில் உட்கார வைத்து நூற்றுக்கணக்கான பாட்டுகளை இப்படித்தான் சோதிக்கின்றன. தெரியாத பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆரம்பத்தில் குறைவாகவே சேருங்கள்.

அடுத்தது சுழற்சி, அதாவது ஒரே பாட்டு எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்பது. பல சிறு நிலையங்கள் இதில்தான் கோட்டை விடுகின்றன. மணிக்குப் பன்னிரண்டு பாட்டு போடுகிறீர்கள், அதில் இரண்டு உங்கள் முதல்தர வரிசையிலிருந்து, அதாவது அடிக்கடி போடும் பாட்டுகளின் பட்டியலிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48 இடம். வரிசையில் ஆறு பாட்டு இருந்தால் 48 மீதியில்லாமல் வகுபடும். ஒரே பாட்டு தினமும் அதே நேரத்தில் வரும், எட்டு மணிக்கு வண்டி எடுப்பவர் நாள் தவறாமல் அதையே கேட்பார். ஏழாக்கிப் பாருங்கள்: மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வரும், 48-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஆறு இருப்பதால் நாளுக்கு நாள் நேரமும் நகர்ந்துகொண்டே போகும். பாட்டுகளை அடுக்கித் தரும் மென்பொருள் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், வரிசையில் எத்தனை பாட்டு என்பதை முடிவு செய்வது நீங்கள்தான். இன்னொன்று, பாட்டு முதலில் அலுப்பது ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்கு. நாள் முழுக்க அதையே கேட்கும் ஆர்.ஜே. சொல்வதை வைத்துப் பாட்டைத் தூக்கினால், நேயருக்கு அது பிடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் தூக்குகிறீர்கள்.

நாட்டுப்புறப் பாட்டை அடியோடு விட வேண்டாம். வார இறுதி இரவில், மாறாத நாளில், மாறாத நேரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். தேடி வருபவர்கள் அங்கே வருவார்கள்.

எவ்வளவு காலம் பொறுப்பது? அதைச் சொல்லும் முன் ஒன்று: மாறுவதற்கு முன் உரிமத்தைப் படியுங்கள். சில நாடுகளில் எந்த வகை இசை என்பதே உரிம நிபந்தனையாக இருக்கும். அமெரிக்காவில் நியூயார்க்கின் டபிள்யூ.என்.சி.என். என்ற செவ்வியல் இசை நிலையம் 1974-இல் ராக் இசைக்கு மாறியபோது நேயர்களே திரண்டு எதிர்த்தார்கள், மறு வருடம் செவ்வியல் இசை திரும்பியது. பிறகு 1981-இல் உச்ச நீதிமன்றம், இசை வகையைச் சந்தையின் கையில் விடுவது என்ற அரசு ஆணையத்தின் கொள்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1993-இல் அதே நிலையம் மீண்டும் ராக்குக்கே போய்விட்டது. ஒரே இசையில் வருடக்கணக்காக நின்ற நிலையத்துக்காக நேயர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஆறு மாதக் கலவைக்காக அப்படி யாரும் வரமாட்டார்கள்.

என் கணக்கில் புது வகைக்குக் குறைந்தது ஒன்றரை வருடம் வேண்டும். அதற்குள் ஒரே ஒரு சர்வேயைப் பார்த்துப் பதறாதீர்கள். மாதிரி சிறியதாக இருந்தால் எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: வாரத்தில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள், வந்தவர் எவ்வளவு நேரம் இருக்கிறார். முன்னதை க்யூம் என்றும் பின்னதை டி.எஸ்.எல். என்றும் தொழிலில் சொல்வோம். வந்தவர்கள் நெடுநேரம் இருந்து, வருபவர்கள் மட்டும் குறைவு என்றால் பாட்டில் தவறில்லை. ஊருக்கு உங்களைத் தெரியவில்லை, விளம்பரத்துக்குச் செலவழியுங்கள். நிறையப் பேர் வந்து உடனே போய்விடுகிறார்கள் என்றால் வரிசையையும் சுழற்சியையும், ஆர்.ஜே. பேசும் நேரத்தையும் பாருங்கள். இரண்டுமே ஒன்றரை வருடம் அசையாமல் கிடந்தால்தான் வகையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

இதை உரிமையாளரோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கான நிலையம், எந்தத் தேதி வரை வகையை மாற்றுவதில்லை, அந்தத் தேதியில் எந்த இரண்டு எண்களைப் பார்ப்போம், அதுவரை நட்டம் எந்த அளவைத் தாண்டக் கூடாது. கடைசிக் கேள்விக்கு அவரால் ஒன்றரை வருடத்துக்கான பதில் தர முடியவில்லை என்றால், செலவைக் குறைத்த பிறகு மாறுங்கள், அதற்கு முன் வேண்டாம்.