தருமருக்கு ஆடியவர்

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வருடத் தொடக்கத்தில் தீர்மானங்கள் போடுவதை விட்டுவிட்டு, ஒரேயொரு சொல்லைத் தெரிந்தெடுத்து அந்த வருடம் முழுக்க அதன்படி நடக்கப் பார்க்கிறேன். 'ஒழுங்கு', 'நன்றி' எல்லாம் எடுத்தாயிற்று. தைப்பொங்கலுக்குள் மறந்து போகிறது. இந்த முறை 'துணிவு', 'எளிமை' இரண்டில் எதை எடுப்பது? ஜனவரியில் தொடங்குவதா, சித்திரையிலா? பெரியவர்கள் எல்லாரும் ஒரு சொல்லில் நின்றவர்கள்தானே, நம்முடைய விபுலானந்த அடிகளைப் போல?

ச.

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதம் இதைவிட நீளம். அதிபரைப் பற்றியும், உங்களோடு பேச்சை நிறுத்திவிட்ட சிநேகிதியைப் பற்றியும் எழுதிய பக்கங்களை உங்கள் நன்மைக்காக வெட்டிவிட்டேன். ஆனால் என் பதில் அந்தப் பக்கங்களுக்குத்தான்.

முதலில் சில்லறை விஷயங்கள். ஜனவரியா சித்திரையா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. அடிகளை இதற்குள் இழுக்கவும் வேண்டாம். காரைதீவில் பிறந்த மயில்வாகனன் விஞ்ஞானம் படித்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதரானார், துறவியானார், பள்ளிக்கூடங்களை நடத்தினார், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். கண்ணை மூடும் வருடத்தில், 1947 இல், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூலை அரங்கேற்றினார். அவரை எந்தச் சொல்லுக்குள் அடைப்பீர்கள்?

இந்த ஒரு சொல் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. புகைப்பட ஆல்பங்களை அலங்கரித்துச் செய்யும் கலையில் பெயர் பெற்ற அலி எட்வர்ட்ஸ் 2006 இல் தொடங்கி வருடாவருடம் ஒரு சொல் எடுத்து, பலரையும் எடுக்க வைத்தார். கொடையாளியான மெலிண்டா கேட்ஸும் அப்படி ஒரு சொல் எடுத்து வந்தவர்தான். தீர்மானம் போட்டால் முறிந்துவிடும், முறிந்தால் குற்ற உணர்ச்சி வரும். ஒரு சொல் என்றால் அந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். எனக்கு இடிக்கிற இடமும் அதுதான். காலை ஐந்து மணிக்கு எழும்புவேன் என்று சொன்னவர் ஆறு மணிக்கு எழும்பினால் பிடிபட்டுவிடுவார். 'எளிமை' என்று எழுதி வைத்தவரை யார் பிடிப்பது?

எங்கள் ஊரில் இப்போது கூத்துப் பழகத் தொடங்கியிருக்கிறார்கள். இரவில் மத்தளச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. அதனால் உங்கள் கடிதம் வர முன்னமே இந்த யோசனை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கூத்தில் யார் எந்தப் பாத்திரத்துக்கு ஆடுவது என்று ஆடுகிறவர் முடிவு செய்வதில்லை. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஆளைப் பார்ப்பார், குரலைக் கேட்பார், பிறகு சட்டம் கொடுப்பார். அவரவருக்குரிய பாட்டும் வசனமும் அடங்கிய அந்தச் சட்டம் கைக்கு வந்தபிறகு, எனக்கு வேறு வேண்டும் என்று கேட்பது மரியாதை இல்லை.

என் பெரிய மாமா ஊரறிந்த கோபக்காரர். வீமனுக்கோ துரியோதனனுக்கோ தன்னைத்தான் விடுவார்கள் என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனவருக்கு அண்ணாவியார் தருமரைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பாயை உதறிப் போட்டுக்கொண்டு படுத்தவர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் ஆடப் போனார். மாதக்கணக்கில், வாராவாரம் ஆடிப் பார்க்கிற கிழமைக் கூத்து ஒவ்வொன்றிலும், சூதில் தோற்றுத் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். சபையில் ஒருவன் ஏசுவான், தம்பிமார் பல்லைக் கடிப்பார்கள், இவர் வாய் திறக்கக் கூடாது. கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி இருந்த சனம் முழுவதும் இவருடைய முகத்தைத்தான் பார்த்தது. எப்போது வெடிப்பார் என்று பார்க்கவே சிலர் வந்தார்கள் என்று அம்மா சொல்வா. சதங்கை கட்டி, கரப்புடுப்பு என்கிற கூத்து உடுப்புப் போட்டு, அரங்கேற்றமும் முடிந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த போகத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வக்கடையை யாரோ இரவில் அடைத்துவிட்டார்கள். மாமா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடினார். எதிரே வந்த கிழவர் ஒருவர் சிரிக்காமல் கேட்டாராம்: "என்ன தருமர், இப்படியா?" மாமா நின்றுவிட்டார். "இந்தப் பேரை வச்சிட்டு ஒரு சண்டை பிடிக்கவும் விடுறானுகள் இல்ல கா" என்று திரும்பி வந்து புலம்பினார். கோபம் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் மாமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வெளியில் கை நீட்டுவது நின்றது, ஊர் அந்தப் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால். பொறுமை என்று அவராக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அது மழைக்கு நனைந்து போயிருக்கும்.

உங்களைப் பாருங்கள். 'துணிவு' வேண்டும் என்கிறீர்கள். அதிபரை அந்த வெளு வெளுத்து எழுதிய பிள்ளைக்குத் துணிவு எதற்கு? மூட்டைக் கணக்கில் இருக்கிறது. சிநேகிதி ஏன் பேசவில்லை என்று எழுதிய இடத்தில், அவ சொன்னது ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொன்னதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. நமக்குப் பிடித்த சொல்லை நாமே எடுத்தால் ஏற்கனவே இருக்கிறதைத்தான் எடுப்போம். கோபிக்க வேண்டாம் மகள். பிள்ளைகளுக்காக நீங்கள் படும் பாடு கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சொல் எடுக்கத்தான் வேண்டுமென்றால் உங்களால் வருத்தப்பட்ட ஒருவரிடம் கேளுங்கள். அம்மாவிடம் கேட்கலாம், அந்தச் சிநேகிதியிடம் கேட்டால் இன்னும் நல்லது. கேட்ட உடனே மறுத்துப் பேச வாய் வருகிறதே, அந்தச் சொல்லை எடுங்கள். எடுத்ததை அவர்களுக்கும் சொல்லி, தவறும்போது கேட்கச் சொல்லுங்கள். வகுப்புப் பிள்ளைகளிடமும் கேட்கலாம். ஆனால் துண்டுக் கடதாசியில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பெயர் எழுதினால் எல்லாவற்றிலும் 'நல்ல ரீச்சர்' என்றுதான் இருக்கும்.