“அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்கிறார்கள்

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வாழ்வாதாரத் திட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். மாதம் 180,000 ரூபா சம்பளம். எங்கள் குடும்பத்தில் யாருமே கண்டிராத காசு. தாத்தா ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். அப்பா இன்றைக்கும் வயலில் கூலி வேலைதான். 2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் அகதி முகாமில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினேன். பிறகு அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் படித்தேன்.

என்னோடு வேலை செய்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதியாக வளர்ந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் மத்தியானம் கடையில் சாப்பாடு எடுப்பது, பிறந்தநாளுக்குக் காசு சேர்ப்பது, நீண்ட லீவுக்கு நுவரெலியா போவது, இப்படி எல்லாவற்றுக்கும் ஏதாவது சாட்டுச் சொல்கிறேன். இல்லாவிட்டால் கடன்பட்டுப் போகிறேன். அப்பாவுக்கு எந்த ஊர், என்ன செய்கிறார் என்று கேட்டபோது “விவசாயி, இந்த ஊர்தான்” என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பகிடியாக, “உங்கட மாவட்டத்துக்குக் கம்பஸ் போற வெட்டுப்புள்ளி குறைவுதானே” என்றார். போன மாதம் ஒரு கூட்டத்தில் மேலதிகாரி, “இந்தச் சனத்துக்குக் குடுத்துக் குடுத்துப் பழக்கிப்போட்டம், குடுத்த ஆட்டையும் வித்துப்போடுதுகள்” என்றார். அதேமாதிரியான ஒரு பயனாளிப் பட்டியலில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

வீட்டிலோ நான் இப்போது பெரிய ஆள். தம்பி மோட்டார் சைக்கிள் கேட்கிறான். இரண்டு இடத்திலும் நடிக்கிற மாதிரி இருக்கிறது. என் கதையை ஒஃபிசில் சொல்லிவிடவா? அல்லது இதை விட்டுவிட்டு ஆசிரியர் நியமனத்துக்கு முயற்சி செய்து ஊரோடு இருந்துவிடவா?

பதில்:

தங்கச்சி, கூச்சத்துக்காக வேலையை விடாதீர்கள். படிப்பிக்க ஆசை இருந்தால் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள், அது வேறு கதை. ஒளிந்துகொள்ள இடம் தேடி வகுப்பறைக்குப் போகவேண்டாம். அங்கேயும் ஆசிரியர் அறையில் “அப்பாவுக்கு எந்த ஊர்?” என்று கேட்பார்கள்.

உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பேச்சிலும் பழக்கத்திலும் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அதனால்தான் அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, போகிற இடத்துக்குப் போய் அதைச் சரிக்கட்டப் பார்க்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திட்டம் முடிந்து ஒப்பந்தம் நின்றால் அவர்கள் தாய் தகப்பன் வீட்டில் ஆறு மாதம் இருந்து ஆறுதலாக அடுத்த வேலை தேடுவார்கள். உங்கள் ஒப்பந்தம் நின்றால் அடுத்த கிழமையே வீட்டில் அடுப்பு யோசிக்கும். சம்பளம் ஒன்றுதான், ஆனால் விழுந்தால் தாங்க அவர்களுக்கு ஆள் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. உங்கள் பயம் முழுக்க அங்கேயிருந்து வருகிறது. நுவரெலியா போய் அதைத் தீர்க்க முடியாது. கையில் கொஞ்சம் காசு நின்றால் பெரும்பகுதி தீரும்.

ஆகவே முதலில் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தனியாக 3 வீதம் போடவேண்டும். சில இடங்களில் ஆட்களை “ஆலோசகர்” என்று எழுதி எடுப்பதுண்டு. அப்படி என்றால் இது ஒன்றும் சேராது, பெரிய சம்பளம் போலத் தெரிவது உண்மையில் சின்னதாகிவிடும். ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது என்பதையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் நுண்கடன் (பெண்கள் குழுவாக எடுக்கிற சின்னக் கடன்) இருந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள். அடுத்தது அடகில் இருக்கும் நகை. அதற்குப் பிறகு, வேலை இல்லாமல் ஆறு மாதம் வீடு ஓடக்கூடிய காசு வங்கியில் நிற்கட்டும். அந்தக் காசு சேரச் சேர, கூட்டத்தில் உங்கள் குரல் தானாக மாறும். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தோடு இருப்பவரால் மேலதிகாரிக்கு மறுத்துப் பேச முடியாது.

மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோய் எல்லாரோடும் இருந்து சாப்பிடுங்கள். பிறந்தநாள் காசைக் கொடுங்கள், அது சின்னக் காசு. சுற்றுலாவுக்கு “இந்த முறை நான் வரவில்லை, போட்டு வாங்கோ” என்றால் போதும். தலையிடி, அம்மாவுக்குச் சுகமில்லை என்று காரணம் கட்டாதீர்கள். அந்தப் பொய்கள்தான் உங்களைக் களைக்க வைக்கின்றன.

வெட்டுப்புள்ளிப் பகிடிக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் கலை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் அனுமதி நடக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. பகிடி விட்டவருக்கு அது தெரியுமோ என்னவோ. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தடியில் ரியூசன் இல்லாமல் படித்த பிள்ளையும், ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஆசிரியரிடம் ரியூசன் போன பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்வதற்குத்தான் இந்த முறை. உள்ளே போன பிறகு பரீட்சைத் தாள் எல்லாருக்கும் ஒன்று. உங்களுக்கு யாரும் மாவட்டம் பார்த்துப் பட்டம் தரவில்லை.

“அப்பாவுக்கு எந்த ஊர்?” என்ற கேள்வியை நானும் நன்றாக அறிவேன். எங்கள் ஆட்கள் அந்த ஒரு கேள்வியில் காணி, சாதி, வசதி எல்லாவற்றையும் அளந்துவிடப் பார்ப்பார்கள். அது அநியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் முழுப் பதில் தரவேண்டிய கடமை இல்லை. அப்பா விவசாயி என்றதும் பொய் இல்லை, வன்னியின் நெல்லை விளைவிப்பதில் உங்கள் அப்பாவின் கையும் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் சொந்த வயலில் இல்லாமல் அடுத்தவர் வயலில் நிற்கிறார் என்பதை நீங்கள் உங்களுக்காகத் தெரிந்து வைத்திருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களைக் குடியுரிமை இல்லாத சனமாக்கியது. கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள் காடு வெட்டினார்கள், ஆனால் காணி அனுமதிப்பத்திரம் எத்தனையோ குடும்பங்களுக்கு வரவே இல்லை. பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடனும் வீட்டுத்திட்டமும் எட்டாது. உங்கள் வீட்டு வறுமைக்குக் காரணம் உங்கள் அப்பாவின் குணம் இல்லை. அலுவலகத்தில் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நம்பிக்கையான ஒருவரிடம், மனம் வந்த ஒரு நாளில் சொல்லலாம். கூட்டத்தில் எழும்பி அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆட்டுக் கதைதான் எனக்கு இந்தக் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது. நீங்கள் வாய் திறக்காததைக் குற்றமாக எடுக்காதீர்கள். திடீரென்று சொன்னால் அழுகை வந்திருக்கும், அதைப் பார்த்து அவர்கள் இரக்கப்பட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போயிருப்பார்கள். இரக்கம் அந்தப் பட்டியலில் இருக்கும் பெண்களுக்கு உதவாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அந்த மேசையில் வேறு யாருக்கும் தெரியாது. ஆட்டை ஏன் விற்கிறார்கள்? கிழமைக்கு ஒருநாள் நுண்கடன் லோன் காசு எடுக்க ஆள் வருவார். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்டவேண்டும், அதனால் கடன்காரருக்கு முன்னமே பக்கத்து வீட்டுக்காரி வந்து வாசலில் நிற்பாள். அந்த நாளில் வீட்டில் விற்கக்கூடியது ஆடு ஒன்றுதான். வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கவேண்டி வந்தது, நிலைமை அவ்வளவு மோசம். போருக்குப் பிறகு இந்திய உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகத்தான் தந்தார்கள், ஒரு கட்டம் கட்டி முடித்தால்தான் அடுத்த காசு. பொருள் விலை ஏற ஏற, அந்தக் கட்டத்தை முடிக்கத் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போன வீடுகள் எத்தனை.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆட்டை விற்ற குடும்பங்களை எடுத்து, விற்ற மாதத்தில் அவர்களுக்கு என்ன கடன் இருந்தது, தீன் இருந்ததா, வேலி இருந்ததா, வீட்டில் யாருக்காவது வருத்தமா என்று விசாரித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வெளி உத்தியோகத்தருக்குச் சொல்லாத காரணத்தை அந்தப் பெண்கள் உங்களுக்குச் சொல்வார்கள், எப்படிக் கேட்பது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை மேலதிகாரியின் கையில் கொடுத்து, “ஆடு கொடுப்பதற்கு முதல் கடனைப் பார்க்கவேண்டும்” என்று சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் பெயரை இழுக்காமலே சொல்லக்கூடிய கதை இது. அவர் கேட்காமலும் விடலாம். கேட்காவிட்டால் அடுத்த திட்ட முன்மொழிவு எழுதும்போது நீங்களே உள்ளே போடுங்கள்.

வீட்டில் நடிக்கவேண்டி இருப்பது சம்பளத்தை மறைப்பதால் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவை இருத்தி, வருவது இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு, ஒப்பந்தம் முடியும் திகதி இது என்று காட்டுங்கள். கேட்கக் கேட்கக் கொடுப்பதை நிறுத்தி, வீட்டுக் காசைச் சம்பளத்தன்றே அம்மாவின் கையில் கொடுங்கள். உங்களுக்கென்று ஒதுக்குவதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டாம். அந்தப் பேச்சில் தம்பியும் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள், அடகு மீண்ட பிறகு, அவனும் ஒரு பங்கு உழைத்துப் போட்டால் என்று அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபிப்பான், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான், கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.