பனி குறைஞ்சா இனுயிட் மக்களுக்கு நல்லதுதானே?

கேள்வி: ஆர்க்டிக்ல வாழ்ற இனுயிட் மக்கள் பல நூறு வருஷமா வெப்பம், குளிர் ரெண்டையும் பாத்தவங்கன்னு படிச்சேன். அப்போ இப்ப வர்ற மாற்றத்தையும் சமாளிச்சிடுவாங்கதானே? பனி குறைஞ்சா வாழ்க்கை இன்னும் ஈஸியா ஆகாதா? (வாசகர், தேனி)

பதில்: நீங்க படிச்சது சரிதான். இவங்களோட முன்னோர்களை துலே மக்கள்னு சொல்றாங்க, சுமார் 13-ம் நூற்றாண்டு வாக்குல அலாஸ்கா பக்கத்துல இருந்து நாய் வண்டி, தோல் படகோட கிளம்பி கனடா, கிரீன்லாந்து வரைக்கும் பரவுனாங்க, போஹெட் திமிங்கலத்தை வேட்டையாடி அதோட எலும்பையே உத்தரமா வச்சு மேல புல்மண் போட்டு வீடு கட்டுனாங்க. அப்புறம் 'சின்ன பனியுகம்' வந்து குளிர் ஏறுச்சு, கோடையிலயும் கடல்ல பனி விலகல, திமிங்கலம் வர்ற வழி அடைஞ்சு போச்சு. வடகோடியில இருந்த வீடுகளை அப்படியே விட்டுட்டு தெற்கே நகர்ந்தாங்க, உறைஞ்ச கடல் மேலயே பனிவீடு கட்டி, சீல் மூச்சு விட வர்ற ஓட்டைக்கு பக்கத்துல அசையாம காத்திருந்து பிடிச்சாங்க. சமாளிச்சாங்கதான், ஆனா இடம் மாறி சமாளிச்சாங்க, அதுக்கு பல தலைமுறை டைமும் கிடைச்சுது.

இப்ப ரெண்டும் இல்ல. 1979-ல இருந்து ஆர்க்டிக் பகுதி உலக சராசரியை விட கிட்டத்தட்ட 4 மடங்கு வேகமா சூடாகுது. இடம் மாறலாம்னா, போன நூற்றாண்டுல அரசாங்கங்களே ஸ்கூல் கட்டி ஒரே இடத்துல உக்கார வச்சிடுச்சு. அலாஸ்காவுல நியூட்டோக்னு ஒரு கிராமம், இனுயிட்டுக்கு சொந்தக்கார இனமான யூப்பிக் மக்களோடது, சீசனுக்கு சீசன் இடம் மாறி வாழ்ந்த ஜனங்க. ஸ்கூல் கட்ட சாமான் ஏத்தி வந்த படகு ஆத்துல அதுக்கு மேல போக முடியலன்னு அங்கேயே இறக்குனாங்க, ஊரும் அங்கேயே நிலைச்சிடுச்சு. இப்ப அடியில உறைஞ்சு கிடந்த மண்ணு இளகுது, நிங்லிக் ஆறு கரையை அரிச்சுக்கிட்டே வருது, 15 கிலோமீட்டர் கிட்ட தள்ளி இருக்குற புது இடமான மெர்டார்விக்குக்கு முதல் குடும்பங்கள் போய் சேர்ந்தது 2019-லதான். முன்னாடி கூடாரத்தை சுருட்டுனா ஊரே மாறிடும், இப்ப வீடு, ஸ்கூல், விமான ஓடுதளம், கரண்ட்டு எல்லாத்தையும் புதுசா கட்டணும், பணம் வெளியில இருந்து வரணும். அலாஸ்காவுல ஷிஷ்மரெஃப்ங்கிற தீவு ஊர் மக்கள் 2002-லயும் 2016-லயும் ஓட்டு போட்டு இடம் மாறலாம்னு முடிவு பண்ணியும் இன்னும் அதே தீவுலதான் இருக்காங்க.

ஈஸியா ஆகாதான்னு கேட்டீங்க. கனடாவோட இனுயிட் பகுதியில பெரும்பாலும் ஊருக்கு ஊர் ரோடே கிடையாது, குளிர்காலத்துல உறைஞ்ச கடல்தான் ரோடு. அது லேட்டா உறைஞ்சு சீக்கிரம் உடைஞ்சா வேட்டை போச்சு, சாப்பாடு போச்சு. கடைச் சாப்பாடு எல்லாம் விமானத்துலயும் கப்பல்லயும் வரணும், விலையும் அப்படி. இதுல இன்னொரு ஆபத்து என்னன்னா, மெல்லிசா உறைஞ்ச உடனே மேல நிறைய பனி பெஞ்சா அது கம்பளி மாதிரி மூடிக்கும், குளிர் உள்ள இறங்காது, பார்க்க கெட்டியா தெரியும், கீழ தண்ணிதான்.

அதனால 'எதையும் தாங்குற மக்கள்'னு பாராட்டிட்டு பாரத்தை அவங்க தலையிலயே வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல. இந்த சூட்டுக்கு அவங்க பங்கு ரொம்ப ரொம்ப கம்மி. 2005-லயே இனுயிட் தலைவர் ஷீலா வாட்-க்ளூட்டியர் தலைமையில, அமெரிக்காவோட புகை எங்க மனித உரிமையை பறிக்குதுன்னு வட, தென் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்துல மனு கொடுத்தாங்க. அடுத்த வருஷமே ஆணையம் விசாரணைக்கு எடுக்க மாட்டோம்னுடுச்சு.

கேள்வி: அவங்களா ஏதாச்சும் பண்றாங்களா? (அதே வாசகர்)

பதில்: பண்றாங்க. கடல் பனி மேல நடக்குறப்ப ஹார்ப்பூன்ங்கிற வேட்டை ஈட்டியால முன்னாடி குத்திப் பார்ப்பாங்க, ஒரே குத்துல உள்ள போச்சுன்னா அங்க கால் வைக்க மாட்டாங்க. இந்த அறிவோட கருவியையும் சேர்த்து, கனடாவோட லாப்ரடார்ல நெயின் ஊர்க்காரங்களும் மெமோரியல் யூனிவர்சிட்டியும் ஸ்மார்ட்ஐஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஸ்னோமொபைலுக்கு பின்னாடி இழுத்துட்டு போற சென்சார் பனியோட தடிமனை அளக்கும், ஓட்டுறது உள்ளூர் ஆளுங்க, எந்த வழியில அளக்கணும்னு முடிவு பண்றதும் அவங்கதான்.