சிசிஎன்ஏ முதல் கிளவுட் வரை: பெங்களூருத் தமிழர் கேட்டவையும் பதில்களும்

எலெக்ட்ரானிக் சிட்டி, பி.எஸ்சி. முடித்தவர்: அண்ணா, ஒரு பரீட்சைக்குத்தான் காசு இருக்கு. ஏ பிளஸா, நெட்வொர்க் பிளஸா, சிசிஎன்ஏவா?

சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ். கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்கான ஏ பிளஸ் ஒரு பேப்பர் இல்லை தம்பி, இரண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். நெட்வொர்க் பிளஸ் நல்ல பாடம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சிசிஎன்ஏவிலும் வந்துவிடும், கூடவே ரூட்டரையும் சுவிட்சையும் கன்ஃபிகர் பண்ணவும் பழகுவீர்கள்.

பரீட்சை எண் 200-301. நேரம் 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. ரூட்டிங் வரும் ஐபி கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 சதவீதம். ஆட்டோமேஷனுக்கு 10தான், அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னொன்று: அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் பழைய கேள்விக்குத் திரும்ப முடியாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பள்ளிக்கூடப் பழக்கம் இங்கே செல்லாது.

மாரத்தஹள்ளி, டெஸ்க்டாப் சப்போர்ட்: சப்நெட்டிங் தெரியும் சார், ஆனா ஒரு கணக்குக்கு மூணு நிமிஷம் ஆகுது.

சப்நெட்டிங் என்பது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு. நீங்கள் அதைப் பைனரியில் எழுதிப் பார்க்கிறீர்கள், அதனால்தான். 192.168.10.77 /26 (முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு) என்று வந்தால் மாஸ்க்கின் கடைசி எண் 192. 256இல் 192 போனால் 64. 0, 64, 128, 192 என்று தாவுங்கள். 77 விழுவது 64க்கும் 128க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) 127, இடையில் 62 ஹோஸ்ட். இதற்கு இருபது வினாடி போதும்.

பலர் சறுக்குவது மூன்றாவது ஆக்டெட்டில், அதாவது முகவரியின் மூன்றாவது எண்ணில். 172.16.37.9 /20க்கு மாஸ்க்கின் மூன்றாவது எண் 240, தாவல் 16. 37 விழுவது 32க்கும் 48க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0. பிராட்காஸ்ட்டை 32.255 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 172.16.47.255. தினமும் பத்துக் கணக்கு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போடுங்கள்.

சிவாஜிநகர்: எஸ்.பி. ரோட்டில் பழைய சுவிட்ச் வாங்கிப் பழகலாமா?

சிசிஎன்ஏவுக்குப் பேக்கெட் டிரேசர் என்ற சிஸ்கோவின் பயிற்சி மென்பொருள் போதும், இலவசம். நிஜப் பெட்டியில் கை வைத்தால்தான் திருப்தி என்றால் ஒரு சிஸ்கோ 2960 சுவிட்சும், லேப்டாப்பிலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கக் கன்சோல் கேபிளும் வாங்குங்கள். கடையிலேயே பவர் போட்டு, 9600 வேகத்தில் கன்சோல் வருகிறதா என்று பாருங்கள். எழுத்துக்குப் பதில் கிறுக்கல் வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை. சுவிட்ச் மேல் பழி போட வேண்டாம். வீட்டுக்கு வந்து சேமித்த அமைப்பை அழிக்கும் 'ரைட் இரேஸ்' கட்டளை கொடுத்த பிறகும் பழைய ஆபீசின் வீலான்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) அப்படியே நிற்கும். அவை ஃபிளாஷில் உள்ள 'vlan.dat' ஃபைலில் இருப்பவை. அதையும் அழித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

லேப்பில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்து பாருங்கள். 10, 20 என்ற வீலான்கள் மட்டும் அனுமதிக்கப்பட்ட டிரங்க்கில் (பல வீலான்களைச் சுமக்கும் இணைப்பில்) 30ஐயும் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலான் 30' என்று அடியுங்கள். 30 சேராது, பழைய பட்டியல் போய் 30 மட்டும் மிஞ்சும், 10, 20இல் இருப்பவர்கள் அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். 30க்கு முன்னால் 'ஆட்' வேண்டும். ராத்திரி ஷிப்டில், நிஜ நெட்வொர்க்கில் இதைக் கற்றுக்கொள்வதைவிட வீட்டில் கற்றுக்கொள்வது மேல்.

அல்சூர்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா இருக்கு, நான் எப்பவும் இனிஷியல்தான் போடுவேன். பிரச்சினையா?

பிரச்சினைதான், நம் ஊர்க்காரர்களுக்கே உரிய பிரச்சினை. பரீட்சைக்குப் பதிந்த பெயரும் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கணக்கில் போடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் தேதி எடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் போச்சு.

பி.டி.எம். லேஅவுட்: வீட்டிலிருந்தே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பி.ஜி.யில் அறையைப் பங்கு போட்டு இருப்பவர் சென்டருக்குப் போவதே நல்லது. நடுவில் யாராவது கதவைத் திறந்தால் கண்காணிப்பவர் பரீட்சையையே நிறுத்திவிடக்கூடும். ஆபீஸ் லேப்டாப்பும் வேண்டாம், விபிஎன்னும் செக்யூரிட்டி மென்பொருளும் பரீட்சைச் செயலியைத் தடுக்கும். காகிதம் பேனாவுக்கும் அனுமதி இல்லை. சப்நெட்டிங்கைத் திரையிலுள்ள பலகையில்தான் போட வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடாதவர்: டம்ப் படிச்சா பாஸ் ஆகிடலாமாமே?

டம்ப் என்பது கசிந்த கேள்வி பதில் தொகுப்பு. பிடிபட்டால் சான்றிதழே ரத்து. பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் 'ஓஎஸ்பிஎஃப் நெய்பர் வரவில்லை, எங்கெங்கே பார்ப்பாய்?' என்று கேட்பார்கள். ஓஎஸ்பிஎஃப் என்பது ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை, நெய்பர் என்பது பக்கத்து ரூட்டர். ஏரியா, ஹலோ டைமர், மாஸ்க், எம்டியூ (பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) என்று வரிசையாக வாயில் வர வேண்டும்.

ஒசூரிலிருந்து தினமும் வந்துபோகும் லினக்ஸ்காரர்: ஆர்எச்சிஎஸ்ஏவில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ரீபூட்டில். ஆர்எச்சிஎஸ்ஏ என்ற ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் பரீட்சை முழுக்கக் கைவேலை. 300க்கு 210 எடுத்தால் பாஸ். மதிப்பிடும்போது உங்கள் மெஷின் ரீபூட் ஆன நிலையில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். சர்வீசை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரீபூட்டிலும் தானாக ஓடும்படி எனேபிள் செய்யாமல் விடுவது, ஃபயர்வால் விதியில் 'பர்மனன்ட்' போடாமல் விடுவது, இரண்டும் அங்கே அம்பலமாகும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு: எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க்கின் அடையாளமான யுயுஐடியின் ஓர் எழுத்து தப்பினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், மற்ற விடைகளும் அதோடு சேர்ந்து போகும். ஃபைலைச் சேமித்ததும் 'மவுண்ட் மைனஸ் ஏ' ஓட்டுங்கள். தவறு இருந்தால் அப்போதே திட்டும்.

வைட்ஃபீல்ட்: ஏடபிள்யூஎஸ் பரீட்சையில் கேள்வியை வாசிக்கவே நேரம் போகுது.

ஏடபிள்யூஎஸ் என்ற அமேசானின் கிளவுட் சேவைக்கான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பரீட்சை என்றால் 65 கேள்வி, 130 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவருக்குக் கூடுதலாக 30 நிமிடம் உண்டு. கணக்கில் உள்ள சிறப்பு வசதிகள் பகுதியில் கேட்க வேண்டும், அதுவும் தேதி எடுப்பதற்கு முன்பே. தமிழ் மீடியம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஃபெயிலானால் 14 நாள் கழித்துத்தான் மறுபடி. பாஸானால் அடுத்த பரீட்சைக்குப் பாதிக் கட்டணம்.

மன்யதா டெக் பார்க், நாக் (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) வேலை: என் சிசிஎன்ஏ காலாவதி ஆகப்போகுது. அதே பரீட்சையைத் திரும்ப எழுதணுமா?

வேண்டியதில்லை. அடுத்த நிலையான சிசிஎன்பியின் கோர் (பொது) பேப்பரையோ கான்சன்ட்ரேஷன் (சிறப்பு) பேப்பர் ஒன்றையோ பாஸ் செய்தாலே சிசிஎன்ஏ இன்னும் 3 வருடத்துக்கு நீளும். இல்லையென்றால் தொடர்கல்வியில் 30 கிரெடிட் சேர்த்தாலும் சரி. எதுவானாலும் காலாவதித் தேதிக்குள் முடிய வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் 200-301ஐ மறுபடி எழுத வேண்டியதுதான்.