பொழுதுபோக்குக் குழு ஒன்றுக்கு அட்மினாக இருக்க என்ன தகுதி வேண்டும்?

ஒருவரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவரோடே டீ குடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாலக்காட்டின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காலை வணக்கப் பூக்கள், தேர்தல் வீடியோ எல்லாம் ஒரு தலைவலியே இல்லை. அழித்தால் போட்டவரே கண்டுகொள்ள மாட்டார். மொழியாலும் தகராறு வந்ததில்லை. எங்களில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத வராதவர்கள் குரல் பதிவு போடுவார்கள். செம்போத்தை ஒருவர் மலையாளத்தில் உப்பன் என்பார். இருக்கட்டுமே.

கூடுதான் சிக்கல். இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்குத்தான் இடுக்கு. உள்ளே அதன் இறகுகளும் உதிர்ந்து முளைக்கும். அத்தனை நாளும் ஆண் கொண்டுவருவதுதான் சோறு. மரத்தடியில் கேமராக் கூட்டம் நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும். அடுத்தடுத்த வருடமும் பெரும்பாலும் அதே பொந்துக்குத்தான் வரும் என்பதால் இடம் ஒருமுறை வெளியே தெரிந்தால் தெரிந்ததுதான்.

ஒரு பிப்ரவரியில் எங்கள் மாஷ் (ஓய்வுபெற்ற ஆசிரியர், குழுவில் மூத்தவர்) நெல்லியாம்பதி மலையில் எடுத்த இருவாச்சிக் கூட்டின் படத்தைப் போட்டார். வாட்ஸாப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமெண்டாக அனுப்பினால் ஜிபிஎஸ் புள்ளியும் சேர்ந்தே போகும். மாஷ் அப்படித்தான் அனுப்பியிருந்தார். நான் தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்ததால் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். 2022 முதல் அட்மினே மற்றவர் பதிவை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் அதற்குள் யார் யார் இறக்கிவைத்துக்கொண்டார்களோ, அதற்கு ஒரு பொத்தானும் கிடையாது.

அழித்த கையோடு கூப்பிட்டேன். குழுவில் வைத்து விளக்கம் எழுதினால் அவரை நிற்க வைத்துக் கேட்டது போல் ஆகிவிடும்.

“மாஷே, படம் அருமை. இடம் தெரியுதுங்க, அதனால எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? நீ பைனாகுலர் பிடிக்கக் கத்துக்கிட்டது யாருகிட்ட?”

அவரிடம்தான். அன்றிரவே குழுவை விட்டு விலகிவிட்டார். திரும்பச் சேர்க்கச் சொல்லி நாலைந்து பேர் என்னைத் திட்டினார்கள். சேர்க்கலாம், அந்தப் படத்தைத் திரும்பப் போட மட்டும் விட முடியாது என்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

இப்போதும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பார்த்துக்கொள்கிறோம். கேமராத் திரையில் புதுப் படங்களைக் காட்டுவார். எங்கே எடுத்தது என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.