ஓநாய்க் காசுல ராஜா மூஞ்சி ஏன் இல்ல?

ஜெர்மனில வேலை பாக்குற ஒரு தம்பி ட்ரியர் ஊர்ல பழைய ரோமன் செப்புக் காசு ஒண்ணு வாங்கிருக்கார். ஒரு பக்கம் ஹெல்மெட் போட்ட தலை, இன்னொரு பக்கம் நாய் மாதிரி ஏதோ ஒண்ணுகிட்ட ரெண்டு குழந்தைங்க பால் குடிக்குது, ராஜா பேரே இல்ல, இது டூப்ளிகேட்டா, புளி போட்டுத் தேய்க்கலாமான்னு கேக்குறார்.

முதல்ல புளியைக் கீழ வைங்க தம்பி.

அது நாய் இல்ல, ஓநாய். பால் குடிக்கிறது ரோமுலஸும் ரீமஸும், ரோம் நகரத்தை உண்டாக்குனதா கதைல வர்ற இரட்டைப் பிள்ளைங்க. மேல ரெண்டு நட்சத்திரம் இருக்கும், பாருங்க. ஹெல்மெட் போட்டது ரோமா, அந்த ஊரையே பொம்பளை உருவமா ஆக்குனது. சுத்தி எழுதிருக்கிறது 'ஊர்ப்ஸ் ரோமா', ரோம் நகரம்னு அர்த்தம்.

ராஜா பேரு இல்லாததாலயே போலின்னு நெனைக்காதீங்க, விஷயமே அதுலதான் இருக்கு. கி.பி. 324ல கிழக்குப் பக்கம் ஆண்ட லிசினியஸைத் தோக்கடிச்சு கான்ஸ்டன்டைன் ரோம் சாம்ராஜ்யம் முழுசுக்கும் தனி ராஜாவாகிட்டார், பைசான்டியத்துல (இப்போ இஸ்தான்புல்) புதுத் தலைநகரம் கட்டி 330 மே 11ல திறப்பு விழாவும் நடத்திட்டார், அப்ப பழைய ரோம்காரனுக்கு வயிறு எரியாதா, அதான் உன்னை மறக்கலப்பான்னு சொல்ற மாதிரி அவன் ஊர் ஓநாயைக் காசுல போட்டார், கூடவே புதுத் தலைநகரத்துப் பேருல 'கான்ஸ்டன்டினோபோலிஸ்'னு ஜோடிக் காசும் விட்டார், அதுல வெற்றி தேவதை கப்பல் முனைல கால் வெச்சு நிக்கும். மூத்த தாரம், இளைய தாரம் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல புடவை எடுத்துக் குடுத்த கதைதான்! இவ்வளவுக்கும் அவர் அப்பவே கிறிஸ்தவத்துக்கு ஆதரவு குடுத்துட்டிருந்தவர். ஆனா சந்தைல கீரை வாங்குறவன் கைக்கும் போற சில்லறைல பழைய கதைதான் எடுபடும்னு தெரிஞ்சிருக்கு. தன் மூஞ்சியைப் போடாமலே தன் வேலையை முடிச்சுக்கிட்டார், கில்லாடி.

ஓநாய் காலுக்குக் கீழ டி, ஆர், பி இருந்தா (டிவி டிஆர்பி இல்லைங்க) ட்ரியர் நாணயச்சாலை, முதல் பட்டறை. கடைசி எழுத்து எஸ்னா ரெண்டாவது பட்டறை. அப்படி இருந்தா நீங்க வாங்குன ஊர்லயே அடிச்ச காசு.

போலியான்னு பாக்க விளிம்பைச் சுத்தி லென்ஸ் வெச்சுப் பாருங்க. ஒட்டுன கோடோ, மேல குட்டிக் குட்டிக் குமிழிக் குழியோ இருந்தா வார்ப்புல செஞ்சதுன்னு சந்தேகப்படணும், நிஜக் காசு அச்சுல அடிச்சது. சைஸ் 16லேர்ந்து 18 மில்லிமீட்டர், எடை ரெண்டரை கிராம் பக்கம் இருந்தா சரி, 336 வாக்குல எடையைக் குறைச்சுட்டாங்க, அதனால ஒண்ணரை கிராம் இருந்தாலும் பயப்படாதீங்க. இது நிறையக் கிடைக்கிற காசு, பெரிய விலை எதிர்பாக்காதீங்க.

புளி, எலுமிச்சை, பிராஸ் பாலிஷ் எதுவும் வேணாம், பித்தளைக் குடம் மாதிரி பளபளன்னு ஆச்சுன்னா மதிப்பு போச்சு. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி, மண்ணை டூத்பிக்கால மெதுவா எடுங்க. கெட்டியான பச்சையோ பழுப்போ இருந்தா விட்டுடுங்க, தொட்டா உதிர்ற வெளிர்பச்சைப் பொடி வந்தாதான் காசை அரிக்கிற வியாதி, அப்ப மத்த காசுலேர்ந்து பிரிச்சு, ஈரம் படாம வெச்சு, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. கடைக்காரர் குடுத்த பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.